அரண்மனை மைதானத்தில் ஒரு சனிக்கிழமை

எடப்புளி நாட்டில் எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் ஒரு கறுப்பு டீ-சர்ட் காய்வதைப் பார்த்திருப்பீர்கள். முன்பக்கம் மண்டை ஓட்டு முகத்தோடு ஒரு பூதம், பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும். மிளகு பறிக்க வரும் ஒரு அம்மா போன வாரம் அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க வாத்தியாரே, கொரங்கு வெரட்டறதுக்குங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, நான் போட்டுக்கறதுதான்" என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்று முழுக்க என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார்.

அந்தப் பூதத்தின் பெயர் எட்டி. இங்கிலாந்தின் 'அயர்ன் மெய்டன்' என்ற ஹெவி மெட்டல் குழுவின் காவல் தெய்வம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவை இருக்கும் மலையில் குடியிருக்கிறவர்களுக்கு எட்டி ஒன்றும் பெரிய பயங்கரமில்லை. அந்தச் சட்டையை 2007 மார்ச் 17, சனிக்கிழமை, பெங்களூரு அரண்மனை மைதானத்தில் என் மகன் வாங்கிக் கொடுத்தான். அப்போது எனக்கு 57 வயது நடந்துகொண்டிருந்தது. பணி ஓய்வுக்கு ஒரு வருஷம் இருந்தது. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு 1969-இலிருந்து வரவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

1969 ஆகஸ்ட்டில் நான் சென்னையில் பி.ஏ. கடைசி வருஷம். விடுதியில் பணக்கார வீட்டுப் பையன் ஒருவனிடம் ரெக்கார்ட் பிளேயர் இருந்தது. கல்கத்தாவிலிருந்து வந்துகொண்டிருந்த 'ஜூனியர் ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையும் அவன் அறைக்கு வரும். ராசிபுரம் பக்கத்திலிருந்து போன எனக்கு, ஆங்கிலம் ஓரளவு சரளமானதே அந்தப் பத்திரிகையாலும் அந்த ரெக்கார்டுகளாலும்தான். சாந்தானா, லெட் செப்பலின், அப்புறம் டீப் பர்ப்பிள். கதவைச் சாத்திக்கொண்டு கேட்போம். வார்டன் வந்தால் ஊசியைத் தூக்கிவிட்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கொள்வோம்.

உட்ஸ்டாக் விழாவின் செய்தி எங்களுக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது. நியூயார்க் மாநிலத்தில் பெத்தேல் என்ற ஊர். மாக்ஸ் யாஸ்கர் என்ற பால் பண்ணைக்காரரின் நிலம். ஆகஸ்ட் 15 தொடங்கி 18 காலை வரை நடந்தது. எதிர்பார்த்ததற்குப் பல மடங்கு கூட்டம் வந்து, வேலி கட்டி முடிக்க முடியாமல், கடைசியில் இலவச விழாவாக ஆகிவிட்டது. நாலு லட்சம் பேர் என்று கணக்கு. மழை, சேறு, சாப்பாட்டுக்குத் திண்டாட்டம். முதல் நாள் இரவு மழையில் நம் ரவிசங்கர் சிதார் வாசித்தார், அல்லா ரக்கா தபலா. அந்தச் சேற்றையும் அதில் புரண்ட கூட்டத்தையும் ரவிசங்கர் பின்னாளில் அவ்வளவு ரசித்துச் சொல்லவில்லை. எருமைகள் ஞாபகம் வந்ததாம். ஊரிலிருந்து வந்த எனக்கு அது குறையாகவே தோன்றவில்லை. எருமை சேற்றில் கிடக்கும்போது எவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

இதையெல்லாம் அன்றே படித்தோம். ஒன்று மட்டும் தெரியாமல் போயிற்று. அந்த விழாவைப் பேசித் தொடங்கிவைத்தவர் நம் கோயமுத்தூர் பக்கத்து ஆள். செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்த ராமசாமி என்பவர். மோட்டார் தொழில், சினிமாப் படப்பிடிப்பு என்று பலதும் பார்த்து, பேரூர்க் கோயில் நிர்வாகத்திலும் இருந்து, பிறகு ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் 1949-இல் சந்நியாசம் வாங்கி, சச்சிதானந்தர் ஆனார். இலங்கையில் பல வருஷம் இருந்துவிட்டு 1966-இல் அமெரிக்கா போனார். உட்ஸ்டாக் அன்று சாலையெல்லாம் வண்டிகளால் அடைபட்டுக் கிடந்ததால் அவரை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து இறக்கினார்கள். ரிச்சி ஹேவன்ஸ் பாடி முடித்த பிறகு, வெண்தாடியோடு மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒலியின் சக்தியைப் பற்றியும் அமைதியைப் பற்றியும் பேசினார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. எதிரே கண்ணுக்கு எட்டிய மட்டும் தலைகள். ஊர்த் திருவிழாவில் மைக் கிடைத்த பெரியவர் மாதிரிதான் எனக்குப் பட்டது. 2002 ஆகஸ்ட்டில் அவர் சென்னையில் காலமானபோதுதான் செய்தித்தாளில் இந்த விவரத்தைப் படித்தேன். 33 வருஷம் தெரியாமல் இருந்திருக்கிறேன். ராக் இசை நம் ஊருக்கு ஒட்டாதது, நம் பிள்ளைகளைக் கெடுப்பது என்று வகுப்பில் பேசியிருக்கிறேன், அந்த 33 வருஷத்துக்குள்.

ஆமாம், பேசியிருக்கிறேன். அதைப் பற்றி அப்புறம்.

நம் நாட்டில் ராக் கச்சேரி திறந்தவெளிக்கு வந்த கதை சின்னக் கதைதான். 1970, 71-இல் சிம்லா என்ற சிகரெட்டை விற்பதற்காக ஒரு புகையிலைக் கம்பெனி 'சிம்லா பீட்' என்று இசைக்குழுப் போட்டி நடத்தியது. பல ஊர்களிலிருந்து கல்லூரிப் பையன்கள் கலந்துகொண்டார்கள், இசைத்தட்டுகூட வந்தது. சிகரெட்டால் விளைந்த நன்மை என்று நான் ஒத்துக்கொள்ளும் ஒரே விஷயம் அதுதான். சென்னையில் ஐ.ஐ.டி.யின் திறந்தவெளி அரங்கம் பெரிய இடம். அங்கே நடந்த மார்டி கிரா விழாதான் பின்னாளில் சாரங் ஆயிற்று. அதன் ராக் இரவுக்கு ஊரே போகும். நான் போனதில்லை. அது தொடங்கிய காலத்தில் நான் மலையேறிவிட்டேன்.

வெளிநாட்டுப் பெரிய குழுக்கள் வரத் தொடங்கியபோது அவை சென்னைக்கு வராமல் பெங்களூருக்கு ஏன் போயின என்று கேட்பவர்கள் உண்டு. கன்டோன்மென்ட் ஊர், ஆங்கிலோ-இந்தியர்கள், ராணுவ பேண்டுகள், பப்கள் என்று காரணம் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் நான் சொல்லும் காரணம் நிலம். நகரத்து நடுவில், மைசூர் அரச குடும்பத்துக்குச் சொந்தமாக 450 ஏக்கருக்கு மேல் அரண்மனை வளாகம் கிடக்கிறது. அரசாங்கம் அதை எடுத்துக்கொள்ள 1996-இல் ஒரு சட்டமே போட்டது. குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. அடுக்குமாடிகள் எழும்பவில்லை. கல்யாணத்துக்கும் கண்காட்சிக்கும் கச்சேரிக்கும் வாடகைக்கு விட்டார்கள். 2002-இல் ரோஜர் வாட்டர்ஸ் அங்கேதான் பாடினார். 2003 ஏப்ரலில் ரோலிங் ஸ்டோன்ஸ் அங்கேதான் மழையில் பாடினார்கள். அந்த வழக்கு சீக்கிரம் முடிந்திருந்தால் தென்னிந்தியாவில் ராக் கேட்க எங்கே போயிருப்போம் என்று தெரியாது. கோர்ட்டு தாமதத்தால் யாருக்காவது லாபம் வந்தது என்றால் அது எங்களுக்குத்தான்.

இனி அந்த 'அப்புறம்'.

கொல்லிமலைக்கு ஆங்கில ஆசிரியராக வந்தது 1975-இல். இரண்டு வருஷத்தில் இறங்கிவிடலாம் என்று வந்தவன் இன்றுவரை இறங்கவில்லை. கல்யாணம், பிள்ளைகள், பிறகு எடப்புளி நாட்டில் கொஞ்சம் காப்பி, மிளகு. ரெக்கார்டு, கிடார் என்பதெல்லாம் மெட்ராஸோடு போயிற்று. வாத்தியார் என்றால் ஒரு மாதிரி இருக்கவேண்டும் என்று ஊர் எதிர்பார்க்கும். அது எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நான் அந்த மாதிரி ஆகிவிட்டேன்.

பெரியவன் நாமக்கல் பக்கம் விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ படித்தான். 1996 பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது அவன் பைக்குள் ஒரு கேசட் இருந்தது. அயர்ன் மெய்டனின் 'தி நம்பர் ஆஃப் த பீஸ்ட்'. 1982-இல் வந்தது. தேர்வுக்கு இரண்டு மாசம். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பென்சிலை விட்டு நாடாவை முழுக்க உருவி, விறகடுப்பில் போட்டேன். பிளாஸ்டிக் நாற்றம் இரண்டு நாள் சமையலறையில் நின்றது. அவன் அம்மா திட்டினாள். அவன் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்காத இசை என்றால் கூடப் பரவாயில்லை. அந்தக் குழுவைத்தான் தெரியாதே தவிர, அந்த வம்சம் எனக்குத் தெரியும். டீப் பர்ப்பிள் கேட்டவனுக்கு அயர்ன் மெய்டன் பேரன் முறை. தெரிந்துதான் எரித்தேன்.

அவன் கோயமுத்தூரில் இன்ஜினியரிங் படித்தான், பெங்களூரில் வேலைக்குப் போனான். மரியாதைக்குக் குறைவில்லை. மாசம் ஒரு போன், பணம், தீபாவளிக்கு வேட்டி. ஆனால் இரண்டு நிமிஷத்துக்கு மேல் என்னிடம் பேசமாட்டான், அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லிவிடுவான். 2007 பிப்ரவரியில் ஒரு நாள், "அப்பா, மார்ச் 17 சனிக்கிழமை இங்க வாங்க. ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன்" என்றான். எதற்கு என்று கேட்டேன். பெயரைச் சொன்னான். போனில் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். "சரிப்பா, வரேன்" என்றேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் கிளம்பி, 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் பஸ் மாறி, விடிவதற்குள் பெங்களூர். அவன் அம்மா கொடுத்துவிட்ட மலைவாழைப்பழம் ஒரு சீப்பும் முறுக்கும் பையில். மத்தியானமே போய் வரிசையில் நின்றோம். மேக்ரி சர்க்கிள் பக்கம் வரை கறுப்புச் சட்டைகள். அத்தனை கறுப்புச் சட்டையை ஒரே இடத்தில் நான் அதற்கு முன்னால் பார்த்தது திராவிடர் கழக மாநாட்டில்தான். நடுவில் நான் ஒருவன் வெள்ளை முழுக்கைச் சட்டை, மூக்குக் கண்ணாடி. ஒரு பையன் பவ்யமாக, "அங்கிள், பையனை விட வந்தீங்களா?" என்றான், கோலாரோ எங்கேயோ, தமிழ்ப் பையன். என் மகன் திரும்பி, "இல்ல பாஸ், நான்தான் அவரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றான். அவன் குரலில் கொஞ்சம் பெருமை இருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. தோன்றியிருக்கலாம்.

வாசலில் சாப்பாட்டுப் பொருளை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். வரிசையில் நின்ற பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டேன். ஷில்லாங்கிலிருந்து ரயிலேறி வந்த இரண்டு பையன்கள் ஆளுக்கு மூன்று பழம் தின்றார்கள். கேரளத்திலிருந்து, ஹைதராபாத்திலிருந்து, மும்பையிலிருந்து என்று வந்திருந்தார்கள். முப்பதாயிரம் பேருக்கு மேல் என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின. அந்த அளவு பெரிய ஹெவி மெட்டல் குழு அதற்கு முன் இந்தியாவுக்கு வந்ததில்லை.

முதலில் சின்னக் குழுக்கள். டெல்லியின் பரிக்ரமா, 1991-இலிருந்து வாசிக்கிறவர்கள், வயலின் வைத்து ராக் வாசித்தார்கள். நன்றாகவே இருந்தது. மெய்டன்காரர்களுக்கும் பிடித்துப்போய், அதே வருஷம் ஜூனில் இங்கிலாந்தின் டவுன்லோட் விழாவுக்கு அவர்களை அழைத்தார்கள். அப்புறம் லாரன் ஹாரிஸ் என்ற ஒரு பெண் தன் குழுவோடு பாடியது. கூட்டம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, "மெய்டன், மெய்டன்" என்று கத்திக்கொண்டிருந்தது. பாவம், சின்னப் பெண், அசராமல் பாடிக்கொண்டே இருந்தது. யார் என்று கேட்டேன்.

"ஸ்டீவ் ஹாரிஸோட பொண்ணுப்பா. மெய்டனை ஆரம்பிச்சவர், பேஸ் வாசிக்கிறவர். மகளைக் கூடவே டூருக்குக் கூட்டிட்டு வர்றாரு."

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1975-இல், நான் மலையேறிய அதே வருஷம், கிழக்கு லண்டனில் இந்தக் குழுவைத் தொடங்கியவர் அந்த ஹாரிஸ். என்னைவிட ஆறு வயது சின்னவர். ஐந்து நாளுக்கு முன்தான் 51 முடிந்திருந்தது அவருக்கு.

இருட்டியதும் வேறொரு கூத்தும் சேர்ந்துகொண்டது. அன்றைக்குத்தான் வெஸ்ட் இண்டீஸில் உலகக் கோப்பையில் இந்தியாவும் பங்களாதேஷும் மோதின. நம் நேரம் இரவு ஏழுக்கு ஆட்டம். சுற்றிலும் செல்போனில் குறுஞ்செய்தி வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் ஒரு பக்கத்தில் முனகல் எழும், டிரம்ஸ் அதை அமுக்கிவிடும். 191-க்கு எல்லாரும் அவுட். அன்று தோற்றுப்போனோம். நாடு முழுக்க டிவி முன்னால் அழுதுகொண்டிருந்த இரவில் சந்தோஷமாக இருந்தவர்கள் அநேகமாக அந்த மைதானத்தில் இருந்தவர்கள்தான்.

மெய்டன் மேடையேறியதைப் பற்றி என்னால் சரியாகச் சொல்ல முடியாது. சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சுக்கூட்டில் கேட்டது. மூன்று கிடார். நடுவில் புரூஸ் டிக்கின்சன், 48 வயது, தொழில்முறை விமானி, ஆடு மாதிரி தாவித் தாவி ஓடுகிறார். டிரம்ஸ் வாசிக்கும் நிக்கோ மெக்பிரெயினுக்கு 54, கிட்டத்தட்ட என் வயசு. எனக்குப் படி ஏறினாலே மூட்டு வலிக்கும். காதில் வைக்கச் சொல்லி வீட்டுக்காரி கொடுத்த பஞ்சை இரண்டாவது பாட்டிலேயே எடுத்து எறிந்துவிட்டேன். அது முட்டாள்தனம், நீங்கள் யாரும் செய்யாதீர்கள். 'ஃபியர் ஆஃப் த டார்க்' பாட்டில் கிடார் வாசிக்கும் மெட்டை முப்பதாயிரம் தொண்டையும் சேர்ந்து "ஓ... ஓ..." என்று பாடியது. கூத்தில் கட்டியக்காரன் அடி எடுத்துக் கொடுக்க, கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற சனமும் சேர்ந்து இழுக்குமே, அதேதான். மேலே வானம், கீழே மண், விடிய விடிய சத்தம். இது எனக்குப் புதிதே இல்லை. பாஷைதான் வேறு.

'ரன் டு த ஹில்ஸ்' வந்தபோது மகன் என் தோளைத் தட்டினான். 1982 கேசட்டில் இருந்த பாட்டு. எரித்தேனே, அதில்தான். அன்றிரவுதான் முதல் முறையாக அதன் வார்த்தைகளை அவன் வாயிலிருந்து கேட்டேன். பிசகில்லாமல் கூடவே பாடிக்கொண்டிருந்தான். கடல் தாண்டி வந்த வெள்ளைக்காரனால் நிலம் இழந்த செவ்விந்தியர் பேசுவது போல முதல் பகுதி. அடுத்து, துரத்தும் குதிரைப்படைச் சிப்பாய் பேசுவது போல. பல்லவி, உயிர் தப்ப மலைக்கு ஓடுங்கள் என்பது.

என் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுடைய கதையும் அப்படித்தான் தொடங்கும். காஞ்சிபுரத்தில் இருந்தவர்கள், அங்கே நிலைமை சரியில்லாமல் கிளம்பினார்கள், அண்ணன் தம்பி மூன்று பேர், சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று பிரிந்து ஏறினார்கள் என்று கொல்லிமலை மலையாளி மக்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள். 32 வருஷம் அந்த மலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். டாஃபடில் பூவை யாரும் பார்த்திராத ஊரில் டாஃபடில் பாட்டை மனப்பாடம் பண்ண வைத்தேன். மலைக்கு ஓடிய ஜனங்களைப் பற்றி ஒரு ஆங்கிலப் பாட்டு இருக்கிறது, அது என் வீட்டுக்கே வந்தது, அதை விறகோடு வைத்துக் கொளுத்தினேன்.

கச்சேரி முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆட்டோ கிடைக்கவில்லை, நடந்தோம். காதுக்குள் ரீங்காரம். இரண்டு பேரும் கத்திக் கத்திப் பேசவேண்டியிருந்தது. அதனாலோ என்னவோ சொல்ல வந்தது.

"அந்தக் கேசட்டை நான் எரிச்சிருக்கக் கூடாதுப்பா."

"என்ன?"

இன்னும் சத்தமாகச் சொன்னேன். தெருவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது என்னோடதே இல்லப்பா" என்றான். "ரூம்ல கூட இருந்தவனோடது. அவனுக்கு வேற வாங்கித் தர்றதுக்கு ரெண்டு மாசம் கேன்டீன் பக்கமே போகல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா?"

பதில் இல்லை என்னிடம். ரோட்டோரத் தள்ளுவண்டியில் நின்று இட்லி சாப்பிட்டோம். வண்டிக்காரர் ரேடியோவில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது, பங்களாதேஷ் நிதானமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். காசு கொடுக்கப் போனபோது மகன் தடுத்தான். "நான் கொடுக்கறேன்டா" என்று கையைத் தட்டிவிட்டேன். சிரித்தான். பிறகு பையிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து, "உங்களுக்குத்தான். அம்மா பயந்துக்கப் போறாங்க" என்றான்.

ஞாயிறு ராத்திரி மலையேறும் கடைசி பஸ்ஸில், வளைவுக்கு வளைவு கண்டக்டர் அடித்த விசில் எனக்குப் பாதிதான் கேட்டது. திங்கட்கிழமை காலை ஏழாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது பிள்ளைகளை இரண்டிரண்டு முறை "உள்ளேன் ஐயா" சொல்லச் சொன்னேன். புதன்கிழமை வாக்கில் காது சரியாயிற்று. அதற்கு அடுத்த ஞாயிறு மகன் போன் பண்ணினான். அம்மாவைக் கேட்கவில்லை. அடுத்த வருஷம் பிப்ரவரியில் மெய்டன் மும்பைக்கு வருகிறார்கள் என்ற செய்தி வந்தபோதும் என்னிடம்தான் முதலில் சொன்னான். புரூஸ் டிக்கின்சன் தானே போயிங் ஓட்டிக்கொண்டு வரப்போகிறாராம். "போலாமாப்பா?" என்றான். மூட்டு வலி என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்பதாக இல்லை.